வரி ரசீதும் தேர்ப் பாதையும்

காணிக்கை கொடுக்க வந்தவரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் கோயில் உண்டா? தமிழகத்தின் சில கத்தோலிக்கப் பங்குகளில் தலித் மக்களின் மனக்குறையே அதுதான். திருவிழா வரியை அவர்களிடம் வாங்க மாட்டார்கள். காசு மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. வரி ரசீதில் பெயர் ஏறிவிட்டால், தேர் எங்கள் தெருவுக்கும் வரட்டும் என்று கேட்பார்கள். விழாக் கமிட்டியில் இடம் கேட்பார்கள். ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அப்படிப்பட்ட ஊரில் தேர், பெரிய தெருவின் முனையோடு திரும்பிவிடும். உப்பும் மிளகும் கையில் வைத்துக்கொண்டு காலனி மக்கள் அங்கே வந்து நிற்பார்கள். சொரூபத்தைப் பார்த்துத் தூவிவிட்டு வீடு திரும்புவார்கள். மறுநாள் காலைத் திருப்பலியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே வரிசையில் நின்று நற்கருணை வாங்குவார்கள். அதைக் காட்டித்தான் 'இங்கே சாதி ஏது?' என்கிறார்கள்.

டெல்லியில் திருச்சபையின் பேச்சு வேறு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியேதான். மதம் மாறியும் சாதி போகவில்லை, ஆகவே தகுதி கொடுங்கள் என்று ஆயர்கள் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை. ஆனால் டெல்லியில் 'சாதி இருக்கிறது', ஊரில் 'சாதி ஏது' என்றால் யார் நம்புவார்கள்? ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது.

பிறகு ஊர் வழக்கத்தில் கை வைக்க ஆயர்கள் ஏன் தயங்குகிறார்கள்? எறையூர் ஞாபகம். 2008இல் அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராடியபோது மோதல் மூண்டு, காவல்துறை சுட்டதில் எதிர்த்தரப்பில் இரண்டு பேர் இறந்தார்கள். அந்தப் பயத்தை லேசாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் பயந்ததன் பலன் என்ன? பீடத்தில் முடிவாக வேண்டிய விஷயம் கோட்டாட்சியர் அலுவலகத்து அமைதிக் கூட்டத்துக்குப் போகிறது. அங்கே 'இந்த வருஷம் வழக்கம்போல் நடக்கட்டும்' என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். வழக்கம் என்பதே வழக்காக இருக்கும்போது!

பயப்படாமல் கை வைத்த முன்னுதாரணமும் உண்டு. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய ஆலயத்தைக் கால்சட்டைக் கோயில் என்பார்கள். வெள்ளாளருக்கு ஒரு கூடம், நாடார் முதலானோருக்கு ஒரு கூடம், இரண்டும் சேரும் இடத்தில் பீடம். 1910 வாக்கில் கௌசானல் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு இரு தரப்பையும் பிரித்த தடுப்பை இடித்தார். ஊர் கொதித்தது, வழக்கு போட்டார்கள். கோயிலுக்குள் சாதி உரிமை கேட்ட அந்த வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆக, ஆயருக்கு அதிகாரம் புதிதாக வர வேண்டியதில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே ரசீதுப் புத்தகம், எல்லோருக்கும் ஒரே கல்லறைத் தோட்டம். எல்லாத் தெருவுக்கும் போக முடியாத தேர், அந்த வருஷம் கொட்டகையிலேயே நிற்கட்டும். இதற்குத் தேவை ஒரு பக்கச் சுற்றறிக்கை; அடுத்த திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்பே அனுப்பிவிடலாம்.