உறங்கும் டால்பின்களை விட்டுவிடுங்கள்

ஹவாய்த் தீவுகளின் கரையோரத்தில் சுழல் டால்பின்களுடன் நீந்துவதற்கு அமெரிக்க அரசு 2021 அக்டோபரில் தடை விதித்தது. கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரையுள்ள பகுதியில் அவற்றைச் சுமார் 45 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. அவை வரும் வழியில் படகைக் கொண்டுபோய் நிறுத்தவும் கூடாது. விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றம்தான். படகுத் தொழிலுக்கும் நஷ்டம் உண்டு. ஆனாலும் இந்தத் தடை சரியானது. டால்பின் நீச்சலை விற்கும் மற்ற நாடுகளும் இதைப் பின்பற்ற வேண்டும்.

சுழல் டால்பின் இரவில் வேட்டையாடும் உயிர். பொழுது சாய்ந்ததும், ஆழத்திலிருந்து மேலெழும்பும் சிறு மீன், இறால், கணவாய்க் கூட்டங்களைத் தேடிக் கரையை விட்டுப் போகும். விடிந்ததும் ஹவாயின் கேயலகேகுவா போன்ற விரிகுடாக்களுக்குத் திரும்பி, ஆழம் குறைந்த மணற்பாங்கான இடத்தில் ஒதுங்கும். வெளிர்மணல் மேல் சுறா வந்தால் எளிதில் தெரிந்துவிடும். பிறகு பகலெல்லாம் ஓய்வு. மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும் என்பதால் மூளையின் ஒரு பாதி உறங்க, மறுபாதி விழித்திருக்கும். துள்ளலும் சுழற்சியும் அடங்கி, ஒலியெழுப்புவதும் குறைந்து, கூட்டம் நெருக்கமாகச் சேர்ந்து மெல்ல மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். பார்ப்பவருக்கு அது சாதுவான நீச்சலாகத்தான் தெரியும். தூங்குகிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்.

சுற்றுலாப் படகுகள் வருவதும் அந்த நேரத்தில்தான். படகோட்டி கூட்டத்தை முந்திப் போய், அது வரும் பாதையில் ஆட்களை இறக்கிவிடுகிறார். டால்பின்கள் விலகிப் போகின்றன. ஆட்களை ஏற்றிக்கொண்டு மறுபடியும் முந்துகிறார், மறுபடியும் இறக்குகிறார். ஒரு படகு போனால் அடுத்தது. இரவுப் பணி முடித்து வந்தவரைப் பகலெல்லாம் தட்டி எழுப்புவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. குட்டிக்குப் பாலூட்டவும் அடுத்த இரவு இரை தேடவும் வேண்டிய தெம்பு இப்படியே வீணாகிறது.

நியூசிலாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸ் பகுதி இதற்கு என்ன விலை கொடுத்தது என்று பாருங்கள். அங்கு வந்துபோகும் வேறொரு இனமான புட்டிமூக்கு டால்பின்களின் எண்ணிக்கை 1999-இலிருந்து 66 சதவீதம் குறைந்துவிட்டதாகவும், குட்டிகளில் 75 சதவீதம் இறப்பதாகவும் அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை தெரிவித்தது. 2019-இல் அவற்றுடன் நீந்தும் சுற்றுலா நிறுத்தப்பட்டது. துன்புறுத்தும் எண்ணத்தோடு யாரும் அங்கே போகவில்லை. ஆசையோடு போனவர்களின் கூட்டமே போதுமானதாக இருந்தது.

‘டால்பின்கள்தாமே எங்களைத் தேடி வருகின்றன’ என்பார்கள். சில நேரம் வரும். அப்படியானால் வருவதா வேண்டாமா என்பதை அவையே முடிவு செய்யட்டும். எகிப்தின் சமதாய் பவளத்திட்டில் 2004 முதல் அதற்குத்தான் ஏற்பாடு: டால்பின்கள் ஓய்வெடுக்கும் உட்பகுதிக்குள் யாரும் போகக் கூடாது, நீந்துவோருக்கு வெளியே தனி இடம். படகுத் தொழிலும் அங்கே நின்றுவிடவில்லை.

சட்டம் மட்டும் போதாது என்பதும் உண்மை. தடைக்குப் பிறகு, 2023 மார்ச்சில், ஹவாயின் ஹோனவ்னவ் விரிகுடாவில் டால்பின் கூட்டத்தைத் துரத்திய 33 பேரை அதிகாரிகள் பிடித்தார்கள். நம் ஊரிலிருந்து தேனிலவுக்கு மொரீஷியஸ் போகிறவர்களுக்கும் இதே நீச்சல்தான் விற்கப்படுகிறது. பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: தள்ளி நின்று காட்டுவார்களா, கடலில் இறக்கிவிடுவார்களா? இறக்கிவிடுவோம் என்றால், அந்தப் படகில் ஏறாதீர்கள்.