லேபுக்குள்ளேயே கணக்குப் பாடம்!

இன்சுலின் போட்டுக்கொள்பவர் ஒருவராவது நம் சொந்தத்தில் இருப்பார். மனித இன்சுலினை பாக்டீரியாவைக் கொண்டே தயாரிக்கலாம் என்று 1978-ல் செய்துகாட்டியதில் ஜெனென்டெக் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரை ஒட்டித் தெற்கே இருக்கிறது அந்த நிறுவனம்.

இப்படிப்பட்ட மருந்துகளை பிஹெச்.டி முடித்தவர்கள் மட்டுமா தயாரிக்கிறார்கள்? கரைசல் கலக்க, செல்களை வளர்க்க, செய்ததை எல்லாம் குறித்துவைக்க டெக்னீஷியன்கள் வேண்டுமே! அங்கே அவர்களில் பலரை உருவாக்குபவை கம்யூனிட்டி காலேஜ்கள். மார்க் பார்த்து வடிகட்டாத, பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு தரும் கல்லூரிகள். பகலில் ஹோட்டல் வேலை பார்ப்பவர், வேறு நாட்டிலிருந்து குடியேறியவர், பிள்ளைகளை வளர்த்துவிட்டு மறுபடி படிக்க வரும் அம்மா என எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு.

ஆனால், பயோடெக் வகுப்புக்குள் நுழைவது அத்தனை சுலபமில்லை. முதலில் அல்ஜீப்ரா, பிறகு வேதியியல், நடுவில் ஆங்கிலம். லேபைக் கண்ணால் பார்ப்பதற்குள்ளேயே பலர் சோர்ந்து நின்றுவிடுவார்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ் இந்த வரிசையையே மாற்றிப் பார்த்தது. 'பிரிட்ஜ் டு பயோடெக்' என்ற பெயரில் கணக்கு, மொழி, லேப் மூன்றையும் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்தது. பத்து மடங்கு அடர்த்தியான கரைசல் இருக்கிறது. அதிலிருந்து ஒரு லிட்டர் சாதாரணக் கரைசல் வேண்டும். 100 மில்லி எடுத்து, மொத்தம் 1,000 மில்லி வரும்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். பயமுறுத்திய விகிதக் கணக்கு இவ்வளவுதான். நன்னாரி சர்பத் கலக்கிய கைக்கு இதெல்லாம் புதிதா என்ன? செய்ததை நோட்டில் எழுதும்போது ஆங்கிலமும் கூடவே வந்துவிடும்.

என்னைக் கேட்டால், பாடத்தை மாற்றினால் மட்டும் போதாது. சம்பளமில்லாமல் ஆறு மாதம் கம்பெனியில் பயிற்சி எடுக்கச் சொன்னால், வீட்டு வாடகை கொடுக்க வேண்டியவர் எப்படிப் போவார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டம் வசதியானவர்களுக்கு மட்டும்தான் உதவும். அந்த நகரமே 2017-ல் தன் குடியிருப்பாளர்களுக்கு சிட்டி காலேஜ் கல்விக் கட்டணத்தை ரத்து செய்தது. அதுவும் பெரிய உதவிதான்.

கலிஃபோர்னியாவின் சொலானோ, மிராகோஸ்டா கம்யூனிட்டி காலேஜ்களில் இப்போது உயிரி மருந்து உற்பத்தியில் முழு இளங்கலைப் பட்டமே வாங்கலாம். வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு பல்கலைக்கழகம் தேடிப் போக முடியாதவர்கள், உள்ளூரிலேயே அதைப் படித்து முடிக்கிறார்கள்.