ஜன்னல் கம்பியும் தூர்தர்ஷனும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று, நெருக்கடி நிலைக்கு நடுவில், தொடங்கப்பட்டது. ஐம்பது வருஷம் தாண்டியாச்சு. அதையொட்டி ஒரே கண்ணீர் வெள்ளம். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’, ‘வயலும் வாழ்வும்’, ‘எதிரொலி’, ஷோபனா ரவி வாசித்த செய்தி, மொட்டை மாடியில் ஏறி ஆண்டெனாவைத் திருப்பிய அண்ணன், “இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா?” என்ற கூச்சல். எழுதுகிற எல்லோரும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேருகிறார்கள்: “அப்போ நாமெல்லாம் ஒண்ணா உக்காந்து பார்த்தோம்.”

யார் இந்த நாமெல்லாம்?

நானும் மயிலாப்பூர்க்காரன்தான். கோபுரம் தெரிகிற தூரம், ஆனால் கால்வாய்க்கரை. எண்பதுகளின் நடுவில் எங்க பக்கம் டிவி கிடையாது. அம்மா பாத்திரம் தேய்த்த வீட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை அஞ்சாறு பாட்டுக்காக நாங்கள் நாலைந்து பேர் அந்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். உள்ளே அந்த வீட்டுப் பிள்ளைகள் பாயில். “அங்கேயே நின்னு பாருங்கோடா, உள்ள வரப்படாது.” அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. ஒருநாளும் ஜன்னலைச் சாத்தியதில்லை. ஆனால் ஜன்னலுக்கு ஆறு கம்பி. ஸ்ரீதேவியின் முகத்தை நான் முழுசாகப் பார்த்ததே கிடையாது. அம்மாவை ஒருமுறை கேட்டேன், நீ உள்ளேதானே இருந்தே, நல்லா பார்த்திருப்பியே என்று. “நா எங்கடா பார்த்தேன், கொல்லையில ஒக்காந்து சத்தத்தத்தான் கேட்டேன்” என்றாள். அவளுக்கு அந்தப் பாட்டெல்லாம் இன்றைக்கும் ரேடியோப் பாட்டுதான். தி.நகரில் மூட்டை தூக்கிய எங்கள் மாமா கிரிக்கெட் பார்த்தது கடை ஷோகேஸ் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று.

இதைச் சொன்னால், “இன்னும் எத்தனை நாளைக்கு இதையே பிடிச்சித் தொங்கப் போறீங்க?” என்று கேட்கிறார்கள், முற்போக்கு நண்பர்கள் உட்பட. தொங்குவது நாங்களா? வாராவாரம் நினைவு எழுதுவது நீங்கள். அந்த நினைவின் ஜன்னலில் நானும் நிற்கிறேன். என்னை அழித்துவிட்டு ‘நாமெல்லாம்’ என்று எழுதுகிறீர்கள், அதைத்தான் கேட்கிறேன்.

பெட்டிக்குள் என்ன ஓடியது என்பதையும் பார்க்க வேண்டும். தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வில் காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி.சேகரின் ‘வண்ணக் கோலங்கள்’. சபா மேடை அப்படியே பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தது. நாங்களும் சிரித்தோம், பொய் சொல்வானேன். ஆனால் எங்க பாஷை அதில் கேட்டால் வேலைக்காரி வந்தாள், ரிக்‌ஷாக்காரன் வந்தான் என்று அர்த்தம். டெல்லிக்காரர்கள் கொஞ்சம் தீவிரமாகச் செய்தார்கள். சத்யஜித் ராய் 1981இல் தூர்தர்ஷனுக்காக எடுத்த ‘சத்கதி’யில், பார்ப்பனர் வீட்டில் விறகு பிளந்தே சாகிறான் தோல் தொழில் சாதிக்காரன், பிணத்தைக் காலில் கயிறு கட்டி இழுத்துப்போய்ப் போடுகிறார் அந்தப் பார்ப்பனர். 1988இல் வந்த கோவிந்த் நிஹலானியின் ‘தமஸ்’, ஏமாற்றப்பட்டுப் பன்றியைக் கொல்கிற இன்னொரு தோல் தொழிலாளியோடு ஆரம்பிக்கிறது. இரண்டிலும் ஓம் பூரி. இரண்டையும் பின்னாளில்தான் பார்த்தேன், பெரிய கலைஞர்கள், சந்தேகமில்லை. ஆனாலும் சாவதற்கும் ஏமாறுவதற்கும்தானா நம்மைக் கூப்பிட்டார்கள் என்று இருந்தது.

எங்களுக்கும் ஏக்கம் உண்டு தோழர்களே. அது வேற மாதிரி. எங்க தெருவில் ஒரு அண்ணன் தவணையில் கறுப்பு வெள்ளை டயனோரா வாங்கினார். வாங்கியவர் அதை வீட்டுக்குள் வைக்கவில்லை. வாசற்படியில், தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். சாக்கை விரித்துத் தெருவே உட்கார்ந்தது. 1987 ஜனவரியில் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ வந்தபோது இந்தி ஒரு எழுத்து தெரியாத கூட்டம் ஞாயித்துக்கிழமை காலையில் அங்கே கிடந்தது. சீதை தீக்குளிக்கிற கட்டத்தில் ஒரு ஆயா, “மொதல்ல அவன எறங்கச் சொல்லுடி!” என்றது. தெரு முழுக்கச் சிரிப்பு. பகுத்தறிவுக் கூட்டம் எதற்கும் அந்த ஆயா போனதில்லை.

அதே தொடரையொட்டி 1988இல் ஜலந்தரில் நடந்ததை இந்த நினைவுக்காரர்கள் எவரும் எழுதுவதில்லை. பட்டாபிஷேகத்தோடு கதையை முடித்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடுகிற மக்கள். சீதைக்கு அடைக்கலம் தந்து அவள் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்த வால்மீகி வருகிற உத்தர காண்டத்தையும் காட்டு என்றார்கள். வேலைநிறுத்தம் வட இந்திய நகரங்களுக்குப் பரவியது, குப்பை மலையாகக் குவிந்தது, அரசு இறங்கி வந்தது, தொடர் நீண்டது. அதே உத்தர காண்டத்தில்தான் சம்பூகன் தலை வெட்டப்படுகிறது, 1936லேயே அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அதைப் பேசிவிட்டார் என்பது தெரியும். அதைச் சொல்லி அந்தப் போராட்டத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. பெட்டிக்குள் எங்க ஆளும் வரணும் என்று கேட்டு, விளக்குமாற்றைக் கீழே வைத்து, ஜெயித்தவர்கள் அவர்கள். அம்பேத்கரைப் பற்றி ஜப்பார் படேல் எடுத்த, 2000இல் முடிந்த படம் தமிழ் பேசித் திரையரங்குக்கு வந்தது 2010 டிசம்பரில். அதற்கு நாம் எதைக் கீழே வைத்தோம்?

2006இல் தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. 2011இல் திட்டம் நிற்பதற்குள் 1.5 கோடிக்கும் அதிகமான பெட்டிகள். ஓட்டுக்கான ஏற்பாடு என்பதும், கேபிள் வியாபாரம் யாருக்குப் பெருகியது என்பதும் எனக்கும் தெரியும். ஆனால் அடையாறிலும் மயிலாப்பூரிலும் படித்தவர்கள் எதற்கு முகம் சுளித்தார்கள்? “சோத்துக்கு வழியில்லாதவனுக்கு டிவி ஒரு கேடா? எங்க வரிப்பணம்!” இன்றைக்கு டிவியைப் பாட்டி போல நினைத்து உருகுகிறவர்களில் பாதிப்பேர் அன்றைக்கு அப்படிப் பேசியவர்கள்தான். அவர்கள் பிள்ளைப்பருவத்தில் அது பாசம், எங்க பிள்ளைகளுக்கு வந்தால் இலவசம். கால்வாய்க்கரைப் பிள்ளை ஒன்று தன் வீட்டுத் தரையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, கம்பி மறைக்காமல் படம் பார்த்தது அப்போதுதான்.

2020 மார்ச் 28 அன்று, ஊரடங்கில், ‘பொதுமக்கள் கோரிக்கையை ஏற்று’ ராமாயணத்தை மறுபடி போட்டார்கள். வீட்டுக்குள் இருந்தவர்கள் பழைய ஞாயிறுகளை நினைத்துக்கொண்டார்கள். குப்பை வண்டி அன்றைக்கும் வந்தது.

மாணவத் தோழர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். எந்தத் தெரு, யார் வீடு, நிற்க எத்தனை பைசா வாங்கினார்கள், யார் விரட்டினார்கள், யார் பெட்டியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தார்கள் என்று. சாம்புவைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று.