புள்ளி போச்சு... நோய் போச்சா?

ரூமுக்குப் புதுசா மீன் தொட்டி வாங்கி, நாலஞ்சு கப்பி, மோலி விட்டாச்சா? வாழ்த்துகள் பாஸ்! ஆனா, ஒரு நாள் காலையில மீன் மேல ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரிஞ்சா, மீன் கல்லுல போய் உடம்பைத் தேய்ச்சா... உஷார். அது வெண்புள்ளி நோய். கடைக்காரர் பாஷையில ‘இக்’.

காரணம், ஒரு செல் ஒட்டுண்ணி. மீனோட தோலுக்குள்ள உட்கார்ந்து தின்னும். அங்கே இருக்கிற வரைக்கும் மருந்து அதைத் தொடாது. கொழுத்ததும் உதிர்ந்து, தொட்டி அடியில ஒட்டி, நூற்றுக்கணக்கான குட்டிகளாப் பிரியும். ரெண்டு நாளுக்குள்ள மீன் கிடைக்கலைன்னா குட்டிகள் காலி. நீந்துற அந்த நேரத்துலதான் மருந்து கொல்லும்.

அதாவது, புள்ளி மறைஞ்சா எதிரி தண்ணிக்குள்ள இறங்கிட்டான்னு அர்த்தம். அப்போ மருந்தை நிறுத்தினா மொத்தத் தொட்டியும் போயிடும். கடைசிப் புள்ளி மறைஞ்ச பிறகும் ஒரு வாரம் தொடருங்க. அளவு, பாட்டில்ல போட்டிருக்கிறபடி. ஃபில்டர்ல கரி இருந்தா எடுத்துடுங்க, மருந்தை உறிஞ்சிடும். ஹீட்டர் வெச்சு மெதுவா 30 டிகிரிக்கு ஏத்தினா ஒட்டுண்ணி சீக்கிரம் வெளியே வந்து மாட்டும் (கோல்டு ஃபிஷ்ஷுக்கு இந்தச் சூடு வேண்டாம்). சூட்டுல ஆக்சிஜன் குறையும். ஏர் பம்ப் ஓடட்டும்.

வராம தடுக்க? கொளத்தூர்ல வாங்கினதோ, ஃப்ரெண்டு கொடுத்ததோ, புது மீனை 3 வாரம் தனித் தொட்டியில வெச்சுப் பார்த்துட்டு விடுங்க. வலையும் தனி. கவர்ல வந்த தண்ணியை ஊத்தவே ஊத்தாதீங்க.

கப்பிக்கும் ஒரு கெஸ்ட் ரூம் வேணும் பாஸ்!