தெர்மாமீட்டரை வெச்சு தைராய்டைப் பிடிக்க முடியுமா?



மார்கழி மாசம் காலையில பக்கெட் தண்ணியில கை வைக்கவே நமக்கு உயிர் போகுது. ஹாஸ்டல்ல ஹீட்டர் ரிப்பேர்னா அன்னிக்குப் பாதிப் பேருக்குக் காக்கா குளியல்தான். அதே மார்கழியில காட்டுப்பள்ளி பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்க. சென்னைக்கு வடக்கே, எண்ணூர் கழிமுகத்துக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவுல இருக்கிற மீனவ பூமி. அந்தப் பக்கத்து உப்பங்கழியில இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணியில இறங்கி, வெறும் கையாலே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறாங்க. பிடிச்சதைப் போட பனையோலையில பின்னின பறி. ரெண்டு கையும் தண்ணிக்குள்ள இருக்கிறதால பறியைப் பல்லால கடிச்சுக்கிட்டே வேலை. அதுவும் மணிக்கணக்குல!

ஒரே தண்ணி. உள்ளே ரெண்டு உயிர். இறாலுக்குத் தண்ணி என்ன சூடோ அதான் உடம்புச் சூடு. தண்ணி குளிர்ந்தா அதோட உடம்புக்குள்ள எல்லா வேலையும் மந்தமாயிடும். அந்த அம்மாவுக்கு நேர் எதிர். தண்ணி குளிரக் குளிர உள்ளே அடுப்பைத் தூக்கி வெச்சாகணும். காற்றைவிடத் தண்ணி சுமார் 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை இழுத்துக்கும். ஆனாலும் உள்ளே அந்த 98 டிகிரிச் சொச்சத்தைக் காப்பாத்தியே தீரணும்.

இப்ப எதுக்கு இந்தக் கதைன்னு கேக்கறீங்களா? ஒரு செகண்ட் இயர் மாணவியோட கேள்விதான் காரணம். 'எப்பவும் குளிருது, முடி கொட்டுது, வெயிட் ஏறுது. காலையில அக்குள்ல தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தேன், 97.2 காட்டுது. தைராய்டுன்னு ரீல்ஸ்ல சொல்றாங்க. ரூம்மேட்டோட அம்மா சாப்பிடற மாத்திரையையே நானும் போட்டுக்கலாமா?'

வேண்டவே வேண்டாம் தாயே! ஏன்னு சொல்றேன்.

கழுத்துக்கு முன்னாடி பட்டாம்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கு தைராய்டு. அது அடுப்பு இல்லை, அடுப்போட ரெகுலேட்டர். மூளையில ஹைபோதலாமஸ் உத்தரவு போடும், பிட்யூட்டரி அதை டி.எஸ்.ஹெச். ஹார்மோனா அனுப்பும், தைராய்டு டி4-ஐயும் கொஞ்சம் டி3-யையும் சுரக்கும். டி4 பெரும்பாலும் ஸ்டாக். திசுக்கள்ல அது டி3-யா மாறினப்புறம்தான் ஆட்டம் ஆரம்பம். சும்மா படுத்திருக்கும்போதே உடம்பு எரிக்கிற சக்தி இருக்கே, அதைத் தீர்மானிக்கிறதுல டி3-க்குப் பெரிய பங்கு. தைராய்டு சுத்தமாப் படுத்துட்டா அந்த எரிப்பு 40 சதவிகிதம் வரைக்கும்கூடக் குறையும். எக்கச்சக்கமா சுரந்தா 60 சதவிகிதத்துக்கு மேல எகிறும்.

குளிர் பட்டா தைராய்டு உடனே எகிறுமா? ஒரே ஒரு நாள் எகிறும். நாம பிறந்த நாள்! அம்மா வயிற்றோட கதகதப்புல இருந்து வெளியே வந்த அரை மணி நேரத்துல குழந்தைக்கு டி.எஸ்.ஹெச். ராக்கெட் மாதிரி ஏறும். அந்த அளவைப் பார்த்து ஏமாறக் கூடாதுன்னுதான் பச்சைக் குழந்தைக்குத் தைராய்டு டெஸ்ட்டை வழக்கமா ரெண்டு நாள் கழிச்சு எடுப்பாங்க.

பெரியவங்க ஆனதும் கதை வேற. தண்ணியில இறங்கின உடனே வேலை செய்யறது நரம்பு மண்டலம். தோல் ரத்தக் குழாய் சுருங்கும், பல் கிடுகிடுக்கும். பழுப்புக் கொழுப்புன்னு ஒண்ணு எரிய ஆரம்பிக்கும். குழந்தைங்களுக்கு மட்டும்தான் அது முக்கியம்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. பெரியவங்ககிட்டயும் அது வேலை செய்யுதுன்னு 2009-லதான் அழுத்தமா நிரூபிச்சாங்க. அந்தக் கொழுப்புக்குள்ளயே டி4-ஐ டி3-யா மாத்துற வேலையும் நடக்குது. ரத்தத்துல இருக்கிற தைராய்டு ஹார்மோன் கணக்கு மாறணும்னா அன்டார்டிகால மாசக்கணக்கா தங்கற மாதிரி நீண்ட குளிர் வேணும்.

காட்டுப்பள்ளி பெண்களுக்குக் கொரியால ஒரு அக்கா கூட்டம் உண்டு. ஹேன்யோன்னு பேரு. மூச்சை அடக்கிக் கடலுக்குள்ள முங்கி சிப்பி எடுக்கிறவங்க. 1960-கள்ல சுக் கி ஹாங்ங்கிற விஞ்ஞானி அவங்களை அளந்தார். அங்கே குளிர்காலத் தண்ணி 10 டிகிரி செல்சியஸ் கிட்ட. நம்ம ஊர்த் தண்ணியெல்லாம் அதுக்கு முன்னாடி வெந்நீர்! பருத்தித் துணியோட அதுல முங்கி எழுந்தவங்களுக்குக் குளிர்காலத்துல அடிப்படை எரிப்பு சுமார் 30 சதவிகிதம் கூடுதலா இருந்தது. 1970-கள்ல ரப்பர் உடை வந்தது. சில வருஷத்துலயே அந்தக் கூடுதல் எரிப்பு காணாமப் போச்சு. தேவைப்பட்ட வரைக்கும் ஏத்தி வெச்சிருந்த அடுப்பை, தேவை இல்லைன்னதும் உடம்பே தணிச்சிடுச்சு.

இப்ப தெர்மாமீட்டர் மேட்டருக்கு வருவோம். தைராய்டு குறைஞ்சா குளிரும், உண்மைதான். ஆனா உடம்பு விடாது. தோல் ரத்தக் குழாயைச் சுருக்கி, கை கால் ஜில்லுன்னு ஆனாலும் பரவாயில்லைன்னு உள்சூட்டைக் காப்பாத்தும். அதனால லேசான குறைபாடு இருக்கிறவங்களுக்கே சூடு நார்மலாத்தான் காட்டும். நல்லா இருக்கிறவங்களுக்கோ காலையில குறைவாக் காட்டும், சாயங்காலம் ஏறும். பெண்களுக்கு மாதச் சுழற்சியில பாதி நாள் ஒரு கணக்கு, மீதி நாள் வேற கணக்கு. அதுலயும் அக்குள் எப்பவுமே வாயைவிடக் கம்மிதான். 97.2 எல்லாம் ஒரு குற்றமே இல்லை.

இந்த அக்குள் டெஸ்ட்டைப் பரப்பினவர் ப்ரோடா பார்ன்ஸ்ங்கிற அமெரிக்க டாக்டர், 1942-ல. அப்ப நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாது, அதனால அவரை மன்னிச்சிடலாம். பின்னாடி வந்த 'வில்சன் சிண்ட்ரோம்' ஆட்களைத்தான் மன்னிக்க முடியலை. டெஸ்ட் நார்மலா இருந்தாலும் சூடு குறைஞ்சா டி3 மாத்திரை போடுன்னு சொன்ன கோஷ்டி அது. அதுக்கு ஆதாரம் இல்லைன்னு அமெரிக்கத் தைராய்டு சங்கம் 1999-லயே கையை விரிச்சிடுச்சு. 2005-லயும் அதையே சொன்னது.

தேவையில்லாம ஹார்மோன் மாத்திரை போட்டா இதயம் படபடக்கும், தூக்கம் போகும், நாளாக ஆக எலும்பு கரையும். வெயிட் குறையும்னு ஆசைப்பட்டா கொழுப்போட சேர்த்து சதையும் போகும். ரூம்மேட்டோட அம்மாவுக்கு அளந்து கொடுத்த டோஸ் அவங்க உடம்புக்கு மட்டும்தான்.

அதுக்காக சந்தேகத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம். 8 இந்திய நகரங்கள்ல எடுத்து 2013-ல வெளியான ஆய்வுல பெரியவங்கள்ல சுமார் 11 சதவிகிதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. பெண்கள்தான் அதிகம். சென்னையும் அந்த லிஸ்ட்ல உண்டு. கடலோரம் இருக்கோம், மீன் சாப்பிடறோம், நமக்கு வராதுன்னு பேசறவங்களுக்கு ஒரு தகவல்: அயோடின் சேர்க்காத கல் உப்புல அயோடின் சொற்பம். கடல்ல இருந்து வந்த உப்பா இருந்தாலும் அப்படித்தான்.

அதனால செகண்ட் இயர் மேடம், தெர்மாமீட்டரை டப்பாவுல வெச்சுட்டு ஒரு டி.எஸ்.ஹெச். டெஸ்ட் எடுங்க. ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்க. ரத்தசோகைக்கும் இதே குளிர், இதே சோர்வு, இதே முடி கொட்டல்தான். முடிக்குன்னு பயோட்டின் மாத்திரை ஏதாவது போடறீங்களா? அப்படின்னா டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க. சில லேப் மெஷின்கள் அதைப் பார்த்துக் குழம்பி, இல்லாத தைராய்டு கோளாறை இருக்குன்னு காட்டும், இருக்கிறதை மறைச்சும் விடும். ரிசல்ட்டை எடுத்துக்கிட்டு நேரா டாக்டர்கிட்ட போங்க.