தரிச்சு நிற்கிற காரும் கறண்ட் குடிக்கும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கிற ஒரு ரீவி, றிமோட்டுக்காகச் சும்மா காத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அரை வாற்றுக்கு மேல் மின்சாரம் எடுக்கக்கூடாது. 2010 இல் ஒரு வாற்று என்று தொடங்கி, பிறகு அரை வாற்றாக இறுக்கின சட்டம் இது. அதே ஒன்றியத்தில் விற்கிற ஒரு மின்கார், பூட்டிவிட்டுப் போன பிறகு எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. வீட்டுச் சாமானுக்கும் ஒஃபிஸ் சாமானுக்கும்தான் அது. வாகனங்களை வெளியில விட்டுவிட்டார்கள்.

ஆர்ட்ஸ் ஃபக்கல்ட்டியில இருக்கிற ஆளுக்கு ஏன் இந்த வேலை எண்டு கேட்பியள். மின்சாரம் என்னுடைய பாடமில்லைத்தான். ஆனால் ஒரு பொருளை வாங்கினவருக்குத் தெரியாமல் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பது பொறியியல் பீடத்துக்கு மட்டும் உரிய கேள்வியில்லை.

முதலில் கணக்கு. ரெஸ்லாவின் உரிமையாளர் கைநூலிலேயே இருக்கிறது: தரித்து நிற்கும்போது நாளுக்கு ஏறத்தாழ 1 வீதம் பற்றறி இறங்கும், இரண்டு கிழமை விமான நிலையத்தில விட்டுவிட்டுப் போனால் 14 வீதம் குறையலாம். சரி, எழுதியாவது வைத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு நன்றி. 60 யுனிற் கொள்ளக்கூடிய பற்றறி எண்டால் 1 வீதம் என்பது 0.6 யுனிற். 24 மணித்தியாலத்தால் பிரித்தால், இரவு பகலாக 25 வாற்று ஓடிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அந்த அரை வாற்று ரீவி 50 ஐ வரிசையாக வைத்தால் எடுக்கிற கறண்டை, கேற்றுக்குள்ள சும்மா நிற்கிற ஒரு கார் எடுக்கிறது. மாதத்துக்கு 18 யுனிற்.

18 யுனிற் பெரிய விசயமோ? கொழும்பில பெரிய வீட்டில இருக்கிறவருக்கு இல்லை. ஆனால் எங்கட கறண்ட் பில் படிபடியாக ஏறுகிற பில். 30, 60, 90, 120 என்று ஒவ்வொரு கோட்டையும் தாண்டத் தாண்ட யுனிற்றின் விலையும் ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். 85 யுனிற்றில நிற்கிற ஒரு வீட்டுக்கு இந்த 18 வந்து சேர்ந்தால் அடுத்த படிக்குப் போய்விடும். ஓடாத காருக்காக.

இன்னொரு கணக்கும் இருக்கு. எங்கட ஊர்களில ஒரு ஆளின் ஓட்டம் கொஞ்சம்தான். பள்ளிக்கூடம், சந்தை, கோயில், திரும்பி வீடு. நாளுக்கு 10 கிலோமீற்றர் எண்டு வையுங்கோ. கிலோமீற்றருக்கு 150 வாற்று மணி என்று எடுத்தால் ஓடுவதற்கு 1.5 யுனிற். நிற்பதற்கு 0.6. மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் நின்றே போய்விடுகிறது. கலிபோர்னியாவில நாளுக்கு 80 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு இது கண்ணிலேயே படாது. குறைய ஓடுகிறவருக்குத்தான் இந்த இழப்பு கூட. விளம்பரத்தில வருகிற "ஒரு சார்ஜில இத்தனை கிலோமீற்றர்" என்ற எண் ஓட விட்டு அளந்த எண், நாட்கணக்கில் நிற்க விட்டு அளந்ததில்லை.

"பற்றறி எண்டா தானா இறங்கும்தானே" எண்டு ஒரு பதில் எப்பவும் வரும். அது பாதி உண்மைகூட இல்லை. இலித்தியம் அயன் பற்றறி தன்பாட்டில இறங்குவது மாதத்துக்கு ஒரு சில வீதம்தான். நாளுக்கு 1 வீதம் என்றால் மாதத்துக்கு 30. மிச்சத்தை எடுப்பது இரசாயனம் இல்லை, விழித்துக்கொண்டிருக்கிற கணினிகள். வலைப்பின்னலோடு தொடர்பு வைத்திருக்க, ஃபோனில் இருக்கிற அப் கூப்பிட்டால் உடனே பதில் சொல்ல, திறப்போடு ஆள் கிட்ட வருகிறாரா என்று பார்க்க, பற்றறியின் சூட்டைக் கவனிக்க. இதில் சில நியாயமான வேலைகள். பற்றறியின் நிலையைக் கவனிப்பது பாதுகாப்புக்கு அவசியம். எல்லாம் அப்படியில்லை. பழைய நிசான் லீஃபை ஒரு கிழமை விட்டால் அதன் பெரிய பற்றறி இறங்கினதே தெரியாது. அதுவும் இலித்தியம்தான். அப்ப இது வடிவமைக்கிறவர் எடுக்கிற முடிவு. (இதில ஒரு பகிடி: எவ்வளவு இறங்கிச்சு எண்டு அப்பைத் திறந்து பார்த்தால், நித்திரையில் இருந்த கார் எழும்பி இன்னும் கொஞ்சம் இறங்கும்.)

வெயிலையும் சேர்க்கவேணும். ரெஸ்லாவில் காருக்குள் சூடு அளவுக்கு மேல் ஏறாமல் பார்க்கிற ஒரு வசதி இருக்கிறது. ஆள் இறங்கிப் போய் 12 மணித்தியாலம் வரைக்கும் அது வேலை செய்யும். நோர்வேயில் அது எப்பவாவது ஒரு நாள் தேவைப்படும். சித்திரை மாத யாழ்ப்பாணத்தில், நிழலில்லாத தரிப்பிடத்தில், ஒவ்வொரு நாளும்.

அதைவிடப் பெரிய குடிகாரன் சென்ட்ரி மோட். 2019 இல் வந்தது. நிற்கிற காரைச் சுற்றி என்ன நடக்கிறது என்று கமராக்கள் பார்த்துக்கொண்டே இருக்கும். மணித்தியாலத்துக்கு ஒரு மைல் ஓடக்கூடிய கறண்ட் அதற்குப் போகிறது என்பது பாவித்தவர்களின் பொதுவான கணக்கு. பற்றறி 20 வீதத்துக்கு வந்தால் தானாக நிற்கும். இங்கே கறண்டும் கண்காணிப்பும் ஒரே கேள்வியாகிவிடுகிறது. தெருவால போகிற சனம் யாரிடமும் அனுமதி கொடுக்கவில்லை. நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை இதை விசாரித்தது. 2023 இல் விசாரணை முடிந்தபோது, காரில் கைபட்டால் மட்டும் பதிவு தொடங்குகிற மாதிரி ரெஸ்லா மாற்றியிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ரொய்ட்டர்ஸ் ஒரு செய்தி போட்டது: 2019 க்கும் 2022 க்கும் இடையில் அந்த நிறுவனத்தின் சில ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் கார்க் கமராக்கள் பிடித்த படங்களைத் தங்களுக்குள்ளேயே பகிர்ந்து இரசித்தார்கள் என்று முன்னாள் ஊழியர்கள் சொன்னார்கள். நிறுத்தி ஓஃப் பண்ணியிருந்த கார்களில் இருந்து வந்தவை போலச் சிலவும் அதில் இருந்தனவாம். பூட்டின கார் நித்திரை கொள்கிறது என்று நினைக்கிற எங்களுக்கு, "பூட்டுவது" என்ற சொல்லின் அர்த்தமே மாறிப்போச்சு.

இனி இங்கே. இலங்கையில் மின்கார் என்றால் கனபேருக்கு முதல் ஞாபகம் 2014, 2015 இல் ஜப்பானில் இருந்து வந்திறங்கின பாவித்த லீஃப்கள்தான். 2015 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் வரி ஏற, அந்த அலை அடங்கினது. 2020 இல் இறக்குமதியே நின்றது. 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவு படுத்தவர்களுக்கு மின்கார் ஒரு விடுதலை மாதிரித் தெரிந்தது. ஆனால் அதே ஆண்டு மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்டும் இல்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது. இப்ப வருகிற கார்கள் பழைய லீஃப் மாதிரி இல்லை. எல்லாம் எப்பவும் வலைப்பின்னலில் இருக்கிற கார்கள். கடன் எடுத்து வாங்குகிறவர்கள் கூட. அதனால்தான் இப்பவே கேட்கவேணும் என்கிறேன்.

பழைய கார்களில் வேறு ஒரு சிக்கல், அது இன்னும் கனபேருக்குத் தெரியாது. மின்காருக்குள்ளும் பெற்றோல் காரில் இருக்கிற மாதிரி ஒரு சின்ன 12 வோல்ற் பற்றறி இருக்கிறது. கதவுப் பூட்டு, லைற், கணினிகள், பெரிய பற்றறியை மோட்டருக்கு இணைக்கிற சுவிச்சு எல்லாம் அதில்தான் ஓடும். நிற்கும்போது இறங்குவது பெரும்பாலும் இந்தச் சின்னன்தான். அது செத்தால் பெரிய பற்றறியில் 80 வீதம் இருந்தாலும் கார் அசையாது, அந்தச் சுவிச்சைப் போட ஆளில்லை.

எங்கட பெரியம்மா ஒரு பழைய ஜப்பான் மின்கார் வைத்திருக்கிறா. இரண்டு கிழமை இந்தியாவுக்குப் போய்வந்து பார்த்தால், றிமோட்டுக்குக் கதவு திறக்கேல்லை, டாஷ்போர்ட் இருட்டு. பக்கத்துக் கராஜ்காரர் வந்து பார்த்துப்போட்டு, "அக்கா, மெயின் பற்றறி போட்டுது. பல லட்சம் வரும். வித்துப்போடுங்கோ, நானே ஆள் பிடிச்சுத் தாறன்" எண்டார். பெரியம்மா அரைமனதோட ஓமெண்டும் சொல்லிட்டா. பிறகு மின்கார் வேலை தெரிஞ்ச ஒரு தம்பி மீற்றரை வைத்துப் பார்த்து, 12 வோல்ற் பற்றறியை மட்டும் மாற்றினான். விட்டுவிட்டுப் போன அளவு சார்ஜ் அப்படியே இருந்தது. தகவல் இல்லாத இடத்தில் ஒரு ஓய்வுபெற்ற ரீச்சரின் முழுச் சேமிப்பும் அரைவிலைக்குப் போகப் பார்த்தது. கராஜ்காரருக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரிந்துதான் சொன்னாரா எண்டு எனக்கு இன்னும் சந்தேகம்.

"பெற்றோல் காரும் நிண்டா பற்றறி இறங்கும்" என்பார்கள். உண்மை. ஆனால் தாங்கியில் இருக்கிற பெற்றோல் குறையாது.

ஆகவே நான் கேட்பது பெரிய விசயங்கள் இல்லை. மின்குமிழ்ப் பெட்டியில் நட்சத்திரம் போட்டு விற்கவைக்க எங்கட நாட்டால முடிந்திருக்கிறது. பல லட்சம் பெறுமதியான மின்காரில், எங்கட வெயில் சூட்டில் ஒரு நாள் சும்மா நின்றால் எவ்வளவு இறங்கும் என்ற ஒரு எண்ணை ஒட்டவைப்பதும் முடியும். இரண்டாவது, முழுசா நித்திரைக்கு அனுப்புகிற ஒரு பொத்தான். மெனுவுக்குள் மெனுவுக்குள் தேடுகிற மாதிரி இல்லாமல், முன்னுக்கே. கமராவும் அப்பும் வேணுமெண்டவர் தானாகப் போட்டுக்கொள்ளட்டும், வாங்கும்போதே போட்டுத் தரவேண்டாம். மூன்றாவது, அந்த மெனு எங்களுக்கு விளங்குகிற மொழியில். ஜப்பான் மொழித் திரையைப் பத்து வருசமாகப் பார்த்து, படத்தை வைத்து அர்த்தம் ஊகிக்கிற சனம் நாங்கள். தமிழும் அரசகரும மொழி எண்டு யாப்பில இருக்கிறது, காருக்குள் சிங்களமும் இல்லை தமிழும் இல்லை.

இன்னும் ஒன்று. 2025 சித்திரைப் புத்தாண்டு நேரம், பகலில் பாவனை குறைவு எண்டு கூரையில் சோலர் போட்டவர்களிடம் அதை நிறுத்தச் சொல்லி மின்சார சபை கேட்டது. அதே பகலில் கம்பஸ், கச்சேரி, ஆசுபத்திரித் தரிப்பிடங்களில் கார்கள் நின்று இறங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த இடங்களில் ஒரு பிளக் வைத்தால் நிற்கிற நேரமே ஏற்றுகிற நேரமாகிவிடும். இதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம்.

இதெல்லாம் வரும்வரைக்கும், வீட்டில யாரும் மின்கார் வாங்க வெளிக்கிட்டால் கூடப் போங்கோ. எத்தனை கிலோமீற்றர் ஓடும் எண்டு அவர்களே சொல்லுவார்கள். "பத்து நாள் பூட்டி விட்டா எத்தனை வீதம் மிஞ்சும்? சின்னப் பற்றறி எப்ப மாத்தினது?" எண்டு நீங்கள் கேளுங்கோ. தெரியாது எண்டால், கேட்டு எழுத்தில தரச் சொல்லிப்போட்டு முற்பணம் குடுக்காமல் வாங்கோ.