மோட்டார் இரண்டானால் மின்சாரம் மிச்சமாகுமா?

மின்சார டிராக்டர் வாங்க யோசிக்கிறீர்களா? மோட்டார் கூடினால் மின்சாரம் மிச்சமாகும் என்பது பாதி உண்மைதான்.

எந்த மோட்டாரும் தன் திறனில் முக்கால் பங்கு சுமையை ஒட்டி ஓடும்போதுதான் சிக்கனமாக இருக்கும். கால் பங்குக்குக் கீழே போனால் வீணாவது கூடும். அதனால்தான் சக்கரத்துக்கு ஒன்று, பி.டி.ஓ. தண்டுக்கு ஒன்று எனப் பிரிக்கிறார்கள்.

மேலூர், வாடிப்பட்டி நஞ்சையில் ரோட்டவேட்டர் போட்டுத் தொழி அடிக்கும்போது வண்டி மெதுவாக நகர வேண்டும், பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் நிற்க வேண்டும். தனி மோட்டார் இருந்தால் இரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தலாம். டிரெய்லர் இழுக்கும்போது பி.டி.ஓ. மோட்டாரை நிறுத்திவிடலாம். மிச்சம் இங்கேதான்.

திருமங்கலம், பேரையூர் கரிசலில் உழுவது வேறு கதை. அங்கே தேவைப்படும் சக்தியை மண்ணும் ஈரமும் உழவு ஆழமும்தான் தீர்மானிக்கின்றன. நான்கு சக்கரத்துக்கும் மோட்டார் வைத்தால் வழுக்கல் குறையும். ஆனால், கூடுதல் கன்ட்ரோலர்களால் மின் இழப்பும் விலையும் பழுதும் கூடும். பிரேக் பிடிக்கையில் மின்சாரம் திரும்பக் கிடைப்பது கார், பஸ்ஸுக்கு லாபம். உழவில் மண்ணே வண்டியை நிறுத்திவிடும்.

ஒரு கணக்கு போடுங்கள். 2020 டிசம்பரில் சோனாலிகா அறிமுகப்படுத்திய டைகர் மின்சார டிராக்டரில் 25.5 யூனிட் பேட்டரி, 11 கிலோவாட் மோட்டார். முழுச் சுமையில் ஓட்டினால் சுமார் இரண்டே கால் மணி நேரம்தான் தாங்கும். லேசான வேலைக்குக் கூடுதலாக வரும். மோட்டார் எண்ணிக்கையை விட பேட்டரி அளவும் வேலையின் தன்மையுமே முக்கியம்.

இலவச மின்சாரம் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். அந்த இணைப்பு பாசன பம்பு செட்டுக்கானது. டிராக்டர் சார்ஜ் செய்ய அல்ல.

2024-ல் மத்திய அரசு 10,900 கோடி ரூபாயில் அறிவித்த பி.எம். இ-டிரைவ் மானியத்தில் பைக், ஆட்டோ, ஆம்புலன்ஸ், லாரி, பஸ் இடம்பெற்றன, டிராக்டர் இடம்பெறவில்லை. அதைச் சேர்ப்பதானால், மோட்டார் திறனை மட்டும் பார்க்காமல், ஏக்கருக்கு ஆகும் யூனிட்டை அளவுகோலாக வைக்க வேண்டும். கல்லடிப்பட்டியில் டிராக்டர் ஆலையும், மதுரையில் வேளாண் கல்லூரியும் இருக்கையில், கரிசலிலும் தொழியிலும் அதை அளந்து சொல்வது பெரிய காரியமல்ல.

அதுவரை, விற்பனையாளரை உங்கள் வயலிலேயே ஒரு ஏக்கர் உழுது காட்டச் சொல்லுங்கள். பிறகு சார்ஜ் போட்டு, மீட்டரில் எத்தனை யூனிட் ஓடியது என்று பார்த்து முடிவெடுங்கள்.